ராபர்ட் பேர்ட் அளித்த வாக்குகள்

1964 ஜூன் 9, இரவு 7.38 மணி. அமெரிக்க செனட் சபையில் மேற்கு வர்ஜீனியா உறுப்பினர் ராபர்ட் பேர்ட் பேச எழுந்தார். பேசி முடித்து உட்கார்ந்தபோது மறுநாள் காலை மணி 9.51. பதினான்கு மணி நேரம், பதின்மூன்று நிமிடம். கறுப்பின மக்களை உணவகத்திலும் விடுதியிலும் திரையரங்கிலும் ஒதுக்கி வைப்பதைச் சட்டவிரோதமாக்கும், வேலை கொடுப்பதில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம் அப்போது சபையின் முன் இருந்தது. தென் மாநில உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் பேசியே அதை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் வாரக்கணக்கில் இழுத்தடித்திருந்தார்கள். அந்த முட்டுக்கட்டையின் கடைசி நெடும்பேச்சு பேர்ட் பேசியது.

பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போவதற்கு 67 பேர் ஆதரவு வேண்டும். பெயர்களை வரிசையாக அழைத்தார்கள். கலிபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மூளையில் கட்டி. பேச்சு போய்விட்டிருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆதரவு தெரிவிக்க அந்தச் சபையில் சொல்லும் 'ஐ' என்ற சொல்லும் கண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே ஒலி. அவர் வாக்கு ஆதரவாகப் பதிவானது. 71-க்கு 29 என்று தடை உடைந்தது. ஜூன் 19 அன்று மசோதா 73-க்கு 27 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த 27 பேரில் பேர்ட் ஒருவர். எங்கிள் அடுத்த மாதக் கடைசியில் காலமானார்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், காலை ஏழு மணி, உறைபனிக் குளிர். அதே சபைக்குள் இன்னொரு சக்கர நாற்காலி வந்தது. அதில் இருந்தவர் ராபர்ட் பேர்ட், வயது 92. கறுப்பினத்தைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வாக்களிக்க வந்திருந்தார். தன் முறை வந்ததும், மறைந்த நண்பரும் சக செனட்டருமான டெட் கென்னடிக்காக இந்த வாக்கு என்று உரக்கச் சொல்லி 'ஐ' என்றார். 60-க்கு 39. அவர் ஒருவர் வராமல் போயிருந்தாலும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற அறுபது ஐம்பத்தொன்பதாகியிருக்கும்.

இந்த இரண்டு காலைகளுக்கும் நடுவே ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு நீண்ட நாளாக ஆவல். பேச்சுகளை வைத்து ஓர் அரசியல்வாதியை எடைபோடுவது கடினம். பேர்டை எடைபோட நமக்கு வேறொன்று கிடைக்கிறது. ஐம்பத்தொரு ஆண்டுகள் செனட்டில் இருந்து, பெயர் சொல்லி அழைக்கும் வாக்கெடுப்புகளில் அவர் 18,689 முறை வாக்களித்திருக்கிறார். அத்தனையும் பதிவில் இருக்கிறது.

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர் எத்தனை முறை ஜெயித்தார், எந்தத் தொகுதி, எந்த இலாகா என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். எந்த மசோதாவில் எப்படி வாக்களித்தார் என்ற கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடுகின்றன. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். அமெரிக்க செனட்டிலும் கொறடா உண்டு. அவர் கெஞ்சலாம், மிரட்டலாம், பேரம் பேசலாம்; உறுப்பினரின் பதவியைப் பறிக்க முடியாது. அதனால் அங்கே ஒவ்வொரு வாக்கும் அளித்தவரின் சொந்தக் கணக்கு. நல்லதானாலும் கெட்டதானாலும் கட்சியைக் கைகாட்டித் தப்பிக்க வழியில்லை.

பேர்டின் கணக்கு ஏழ்மையில் தொடங்குகிறது. 1917 நவம்பர் 20 அன்று வட கரோலினாவில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் கார்னீலியஸ் கால்வின் சேல். ஒரு வயதுகூட நிறையாதபோது, 1918-ல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சலில் தாய் இறந்துவிட்டார். குழந்தையை அத்தை எடுத்துக்கொண்டார். மாமா டைட்டஸ் பேர்ட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த குடியிருப்புகளில், கம்பெனிக் கடையில் கடன் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நடுவே பையன் வளர்ந்தான். 1934-ல் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். கல்லூரிக்குப் பணமில்லை. பெட்ரோல் பங்கு, மளிகைக் கடை, இறைச்சிக் கடை என்று வேலை பார்த்து, போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராகவும் இருந்தார். ஃபிடில் நன்றாக வாசிப்பார். 1937-ல் எர்மாவைக் கைப்பிடித்தார். அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகள்தான். 2006-ல் எர்மா மறையும்வரை, ஏறக்குறைய அறுபத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இதுவரை கேட்டால் எவரும் நேசிக்கக்கூடிய கதை. 1940களின் தொடக்கத்தில் இந்த இளைஞர் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பில் சேர்ந்தார். சும்மா சேரவில்லை. தன் பகுதியில் 150 பேரைத் திரட்டிக் கிளையே தொடங்கினார். அதற்குத் தலைவரும் ஆனார். உனக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது, அரசியலுக்குப் போ என்று தன்னிடம் முதன்முதலில் சொன்னவர் ஒரு க்ளான் நிர்வாகிதான் என்று பேர்டே பின்னாளில் எழுதினார். 1940களின் நடுவில், மிசிசிப்பியின் நிறவெறி செனட்டர் தியடோர் பில்போவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. கறுப்பின வீரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒருபோதும் போரிட மாட்டேன் என்பதே அதன் சாரம். அதற்கு மேல் அதில் இருக்கும் சொற்களைத் தமிழில் எழுத என் கை கூசுகிறது.

1946-ல் ஃபிடிலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டு மாநிலக் கீழவைக்குள் நுழைந்தார். பிறகு மாநில மேலவை. 1952-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது க்ளான் விவகாரம் வெடித்தது. சேர்ந்தது உண்மை, கொஞ்ச காலத்தில் ஆர்வம் விட்டுப்போயிற்று என்று வானொலியில் விளக்கம் சொன்னார். ஆர்வம் விட்டுப்போயிற்று என்று சொன்ன காலத்துக்குப் பிறகு, 1946-ல், க்ளான் தலைமைக்கு அவர் எழுதிய கடிதத்தை எதிர்த்தரப்பு வெளியிட்டது. விலகிக்கொள் என்று சொந்தக் கட்சி ஆளுநரே சொன்னார். விலகவில்லை. மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாக்காளர்கள் எல்லாம் தெரிந்தேதான் வாக்களித்தார்கள் என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. அன்றைய மேற்கு வர்ஜீனியாவில் ஒரு வெள்ளையர் க்ளானில் இருந்தது, அவரைத் தோற்கடிக்கப் போதுமான குற்றமாக இல்லை. பேர்ட் மட்டுமா மாற வேண்டியிருந்தது?

1958-ல் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிலிருந்து 2006 வரை ஒன்பது முறை வென்றார். வாழ்நாளில் ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை.

பட்டப்படிப்பு இல்லாத குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டே வாஷிங்டனில் இரவு வகுப்புகளில் பத்து ஆண்டுகள் சட்டம் படித்தார். 1963 ஜூன் 10 அன்று அமெரிக்கன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி கையால் சட்டப் பட்டம் வாங்கினார். மறுநாள் இரவு கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, குடிமை உரிமைச் சட்டம் கொண்டுவரப்போவதாக நாட்டுக்கு அறிவித்தார். பட்டம் வாங்கிச் சரியாக ஓராண்டு கழித்து அதே ஜூன் 10 காலையில்தான், கொலையுண்ட கென்னடியின் அந்தச் சட்டத்தைத் தடுக்கப் பேர்ட் பேசிய பேச்சு முடிவுக்கு வந்தது. அவர் படித்த சட்டம் அவரைத் தடுக்கவில்லை. அரசியல் சாசனத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். அந்தச் சாசனத்தையே ஆதாரம் காட்டித்தான், இது மாநிலங்களின் உரிமை, மத்திய அரசு தலையிடக் கூடாது என்று வாதாடினார். படிப்பு மனத்தைத் திறந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். பேர்டிடம் அது நடக்கக் காலம் பிடித்தது.

அடுத்தடுத்த வாக்குகளும் அதே திசையில்தான். 1965-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் 77-க்கு 19 என்று நிறைவேறியது; எதிர்த்த 19 பேரில் அவரும் இருந்தார். 1967-ல் தர்குட் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது 69-க்கு 11. அந்த 11 பேரிலும் அவர். 1960களில் வாஷிங்டன் நகரின் நிதியைக் கண்காணிக்கும் செனட் துணைக்குழுவுக்கு அவரே தலைவர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த நகரத்துக்குத் தன் நிர்வாகத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போது இல்லை. அரசு உதவித்தொகை வாங்கும் தாய்மார்களின் வீடுகளில் ஆண் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று வேளைகெட்ட வேளையில் சோதனை போட வைத்தார். யாராவது இருந்தால் உதவி நின்றது. சபைப் பேச்சைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. சபையில் தோற்ற வாக்கால் எவர் வயிறும் காயவில்லை. இந்தச் சோதனைகளால் குழந்தைகள் பட்டினி கிடந்தன.

அப்புறம் எப்போது மாறினார்?

ஒரு நாளைச் சுட்டிக்காட்ட முடியாது. பேர்டின் மாற்றத்தில் பதவி ஆசைக்கு ஒரு பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1971 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் செனட் கொறடா பதவிக்கு டெட் கென்னடியை எதிர்த்து நின்று 31-க்கு 24 என்று வென்றார். ஜார்ஜியாவின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் மரணப்படுக்கையிலிருந்து தன் வாக்கை எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தார். வாக்கெடுப்பு முடிந்த சில மணி நேரத்தில் ரஸ்ஸல் இறந்தார். தெற்கின் பழைய தலைமுறை அளித்த கடைசி ஆசி என்று அதைச் சொல்லலாம். ஆனால் 1977-ல் பெரும்பான்மைத் தலைவராக வேண்டுமென்றால் வடக்கு மாநில உறுப்பினர்களின் நம்பிக்கையும் தேவை. கட்சி மாறிக்கொண்டிருந்தது, அதை வழிநடத்த விரும்பியவரும் மாற வேண்டியிருந்தது.

இதோடு முடித்துவிட்டால் சந்தர்ப்பவாதம் என்ற ஒற்றைச் சொல்லில் கதை அடங்கிவிடும். எனக்கு அது போதவில்லை. 1965-க்குப் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள்; அங்கே பழைய நிறவெறித் தலைவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டது வாக்குக்காக. மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். பேர்ட் மாறாமலே இருந்திருந்தாலும் சொந்த மாநிலத்தில் ஒரு தேர்தலிலும் தோற்றிருக்க மாட்டார். 1989-க்குப் பிறகு அவருக்குக் கட்சித் தலைமைப் பதவியும் இல்லை. நிதி ஒதுக்கீட்டுக் குழுவும், மூத்தவர் என்பதால் வரும் சபைத் தலைமையும்தான். அதன் பிறகுதான் அவருடைய மிகத் துணிச்சலான வாக்குகள் வருகின்றன.

1982-ல் அவருடைய பதின்ம வயதுப் பேரன் சாலை விபத்தில் இறந்தான். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை என்று உடனிருந்தவர்கள் சொல்வார்கள். பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்னது: நான் என் பேரனை நேசித்தது போலத்தானே கறுப்பின மக்களும் தங்கள் பேரன்களை நேசிப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. இதைப் படிக்கும்போது, அறுபத்து நான்கு வயதுவரை இது தெரியாமலா இருந்தார் என்ற கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் இது நாடகத்துக்காகச் சொல்லக்கூடிய சொல் இல்லை. தன்னை உயர்த்திக் காட்ட நினைப்பவர் இவ்வளவு தாமதத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்.

1983-ல் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த நாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதா 78-க்கு 22 என்று நிறைவேறியபோது ஆதரித்தவர்களில் பேர்டும் இருந்தார். 1968-ல் கிங் கொல்லப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு அதே சபையில் அவரைக் கலகக்காரர் என்று தூற்றியவர் அவர். 1991-ல் கிளாரன்ஸ் தாமஸ் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டார். தாமஸ் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று அனிதா ஹில் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் குழு முன் சாட்சி சொன்னார். பல செனட்டர்கள் அவரைக் குறுக்குக் கேள்விகளால் துளைத்தெடுத்தார்கள். தாமஸை ஆதரிக்கும் எண்ணத்தில் இருந்த பேர்ட், சாட்சியத்தைக் கேட்டபின், நான் இந்தப் பெண்ணை நம்புகிறேன் என்று சபையில் விரிவாகப் பேசி எதிர்த்து வாக்களித்தார். 52-க்கு 48 என்று தாமஸ் தப்பினார். அதுவரை முன்மொழியப்பட்ட இரண்டு கறுப்பின நீதிபதிகளையும் எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர் பேர்ட்தான். பட்டியலில் இரண்டும் 'இல்லை' என்றே இருக்கின்றன. முதல் 'இல்லை' ஒரு கறுப்பினத்தவரை உள்ளே விடாமல் இருக்க. இரண்டாவது, ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல்லை நம்பியதால். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

2006-ல் வாக்குரிமைச் சட்டத்தைப் புதுப்பித்தபோது செனட் 98-க்கு பூஜ்யம் என்று நிறைவேற்றியது. 1965-ல் மறுத்தவரின் வாக்கு இம்முறை ஆதரவுப் பக்கம். 2003-04 காலத்துக்கு, கறுப்பின மக்களின் மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அவருடைய வாக்குகளுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தது. இதற்காக அவரை மகானாக்கிவிடக் கூடாது. 2001-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்தப் பழைய சொல் அவர் வாயிலிருந்து இருமுறை வந்தது. மன்னிப்புக் கேட்டார். வாக்கு மாறிய பிறகும் நாக்கில் பழையது ஒட்டிக்கொண்டிருந்தது.

மாநிலத்துக்குக் கொண்டுவந்ததைச் சொல்லாமல் அவருடைய தேர்தல் வெற்றிகள் புரியாது. 1989-ல் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவரானதும், மேற்கு வர்ஜீனியாவுக்கு நூறு கோடி டாலர் கொண்டுவருவேன் என்றார். சொன்ன காலத்துக்கு முன்பே கொண்டுவந்தார். மலைகளைக் குடைந்து சாலைகள், பாலங்கள், மருத்துவமனைகள், எஃப்.பி.ஐ.யின் கைரேகை மையம், கிரீன் பேங்க் தொலைநோக்கி. பலவற்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. உயிரோடிருக்கும்போதே மாநிலத் தலைமையகத்தில் வெண்கலச் சிலையும் எழுந்தது. அரசுப் பணத்தை வாரிக்கொண்டு போகிறார் என்று மற்ற மாநிலத்தார் ஏசினார்கள். தன் மண்ணில் அவர் பார்த்த வறுமையை நினைத்தால் சாலைகளை நான் குறை சொல்ல மாட்டேன். பெயர்ப்பலகைகளைக் குறை சொல்வேன். 2000-ல் மாநிலத்தின் 55 கவுன்ட்டிகளிலும் முன்னணியில் வந்து, நூற்றுக்கு 78 வாக்கு வாங்கினார். அதே நாளில் அதே வாக்காளர்கள் குடியரசுத் தலைவர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலம் கட்சி மாறத் தொடங்கிவிட்டது. பேர்டை மட்டும் இன்னும் விடவில்லை.

1964-ல் அவர் அளித்த இன்னொரு வாக்கும் உண்டு. ஆகஸ்ட் 7 அன்று டாங்கின் வளைகுடாத் தீர்மானம். வியட்நாமில் போர் நடத்தக் குடியரசுத் தலைவருக்குக் கேள்வியில்லா அதிகாரம் கொடுத்த தீர்மானம் அது. 88-க்கு 2. ஒரேகானின் வேய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் குருனிங்கும் மட்டும் எதிர்த்தார்கள். பேர்ட் கூட்டத்தோடு போனார். அந்தப் போரில் ஐம்பத்தெட்டாயிரம் அமெரிக்க வீரர்களும் பல லட்சம் வியட்நாமியரும் மாண்டார்கள்.

2002 அக்டோபரில் இராக் மீது படையெடுக்கப் புஷ்ஷுக்கு அதிகாரம் தரும் தீர்மானம் வந்தபோது பேர்டுக்கு வயது 84. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எதிர்ப்பவர் தேசத் துரோகி என்று பேசிய காலம். ஹிலரி கிளின்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் எல்லோரும் ஆதரித்தார்கள். பேர்ட் டாங்கின் வளைகுடாவை நினைவூட்டி, அன்று நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள் என்று நாள்கணக்கில் வாதாடினார். கிட்டத்தட்ட நாற்பதாண்டுகளுக்கு முன் கறுப்பின மக்களின் உரிமையைத் தடுக்கப் பயன்பட்ட அதே நீண்ட பேச்சுக் கலை, அதே சாசனப் பிரதி. 77-க்கு 23 என்று தோற்றார். 2003 பிப்ரவரி 12 அன்று மறுபடி எழுந்து, போர் வாசலில் நிற்கிறது, இந்தச் சபை வாய் மூடிக் கிடக்கிறதே என்று மனம் வெதும்பிப் பேசினார். அடுத்த மாதம் குண்டுகள் விழத் தொடங்கின. தான் அளித்த ஆயிரக்கணக்கான வாக்குகளில் இராக் போருக்கு எதிரான வாக்கையே மிகப் பெருமைக்குரியதாக அவர் கருதினார். மிகவும் வருந்திய வாக்கு எது என்று கேட்டபோதெல்லாம் 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிரான வாக்கைச் சொன்னார்.

2008 மே மாதம் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு நடந்தது. ஹிலரிக்கு நூற்றுக்கு 67, ஒபாமாவுக்கு 26. நிறம் பார்த்தே வாக்களித்தோம் என்று வெளியே வந்து வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவில்லை. ஆறு நாள் கழித்து, மே 19 அன்று, என் ஆதரவு ஒபாமாவுக்கு என்று பேர்ட் அறிவித்தார். வென்றவர் பின்னால் நின்றிருந்தால் சொந்த மாநிலத்தார் கைதட்டியிருப்பார்கள். மறுநாள் டெட் கென்னடிக்கு மூளைக் கட்டி என்ற செய்தி வந்தது. 1971-ல் யாரைத் தோற்கடித்தாரோ அவருக்காகச் சபையில் எழுந்து நின்று வாய்விட்டு அழுதார். கென்னடி 1964 சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர். பகையில் தொடங்கி அத்தனை ஆண்டுகள் பக்கத்தில் இருந்ததில் பேர்ட் எவ்வளவு கற்றுக்கொண்டார் என்பதை அந்தக் கிறிஸ்துமஸ் நேரத்து வாக்கு சொல்கிறது.

கடைசியாக நிலக்கரி. அவரை வளர்த்த சோறு அது. 1940களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் இருந்த மாநிலத்தில் அவர் சாகும்போது இருபதாயிரம் பேரளவில்தான் இருந்தார்கள். 1990-ல் காற்றுத் தூய்மைச் சட்டத்தால் வேலையிழக்கும் சுரங்கத் தொழிலாளருக்கு இழப்பீடு கேட்டு அவர் கொண்டுவந்த திருத்தம் ஒரே வாக்கில், 50-க்கு 49 என்று தோற்றது. 1997-ல், கியோட்டோ ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் அமெரிக்கா சேரக் கூடாது என்ற தீர்மானத்தை 95-க்கு பூஜ்யம் என்று நிறைவேற்ற வைத்தவர்களில் முதன்மையானவர் அவர். ஆனால் 2009 டிசம்பரில், நிலக்கரித் தொழில் மாற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், பயம்காட்டிப் பிழைக்க முடியாது என்று சொந்த மக்களுக்குப் பகிரங்கமாக எழுதினார். 2010 ஏப்ரல் 5 அன்று, அவர் வளர்ந்த ராலே கவுன்ட்டியிலேயே அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 பேர் செத்தார்கள். பாதுகாப்பைவிட லாபத்தைப் பெரிதாக நினைக்கும் கம்பெனியை விசாரணையில் கடுமையாகச் சாடினார்.

2010 ஜூன் 10. பசுங்குடில் வாயுக்களைக் கட்டுப்படுத்தச் சுற்றுச்சூழல் முகமைக்கு உள்ள அதிகாரத்தை வெட்டும் தீர்மானம் வந்தது. நிலக்கரி முதலாளிகள் விரும்பிய தீர்மானம். மேற்கு வர்ஜீனியாவின் இன்னொரு செனட்டர் ஜே ராக்ஃபெல்லர் ஆதரித்தார். பேர்ட் எதிர்த்தார். 47-க்கு 53 என்று தீர்மானம் விழுந்தது. கென்னடி கையால் பட்டம் வாங்கிய ஜூன் 10-க்கும், இரவெல்லாம் பேசி முடித்த ஜூன் 10-க்கும் பிறகு இன்னொரு ஜூன் 10.

பதினெட்டு நாள் கழித்து, ஜூன் 28 அதிகாலை, 92 வயதில் இறந்தார். உடலைச் செனட் மன்றத்துக்குள்ளேயே வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். சார்ல்ஸ்டனில் நடந்த நிகழ்ச்சியில் ஒபாமா பேசினார். என்.ஏ.ஏ.சி.பி. இரங்கல் தெரிவித்தது. அவர் இடத்துக்கு நடந்த தேர்தலில் அதே கட்சியின் ஜோ மான்சின் வென்றார்; 2025 ஜனவரி முதல் குடியரசுக் கட்சியின் ஜிம் ஜஸ்டிஸ் இருக்கிறார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் பேர்டைத் தோற்கடிக்காத மாநிலத்தில் இன்று அவர் கட்சிக்கு ஒரு செனட்டர்கூட இல்லை. அமெரிக்க வரலாற்றில் செனட்டில் மிக நீண்ட காலம் இருந்தவர் என்ற இடம் இன்றும் அவருடையது.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 18,689 வாக்குகள் இருக்கின்றன. 1964 ஜூன் 19 அன்று எதிர்த்தவர் 27 பேர் என்ற பட்டியலில் அவர் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது.